பழி ஏசி மீது... புகை எஞ்சினில்!

காருக்குள் தூங்கியவர்கள் எழுந்திருக்காமல் போவது ஏன்? மலைப்பாதையில் குடும்பமே தலைவலி, வாந்தி என்று சுருண்டுவிடுவதற்கு வளைவுகள் மட்டும்தான் காரணமா? வெளியே விடும் புகைக்குச் சான்றிதழ் கேட்கும் நாட்டில், உள்ளே வரும் புகையை அளப்பது யார்?

2024 டிசம்பர் 23, இரவு. கேரளத்தின் வடகரை அருகே கரிம்பனப்பாலத்தில், தேசிய நெடுஞ்சாலை ஓரமாக ஒரு கேரவன் வெகுநேரமாக நின்றுகொண்டிருந்தது. சந்தேகம் வந்து எட்டிப் பார்த்தால், உள்ளே ஓட்டுநரும் உடன் வந்த ஊழியரும் இறந்து கிடந்தார்கள். காரணம் கார்பன் மோனாக்சைடு. அது எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க கோழிக்கோடு தேசியத் தொழில்நுட்பக் கழக (என்ஐடி) நிபுணர்கள் அதே வண்டியில் சோதனை நடத்தினார்கள். ஏசிக்காக ஓடும் ஜெனரேட்டரை ஓடவிட்டுக் காத்திருந்தார்கள். ஜெனரேட்டரின் புகை, வண்டியின் தளத்தில் இருந்த ஓட்டை வழியாக மேலேறி உள்ளே நிறைந்தது. இரண்டு மணி நேரத்துக்குள் கார்பன் மோனாக்சைடு அளவு 900 பிபிஎம்மைத் தாண்டிவிட்டது. பத்து லட்சம் பங்கு காற்றில் 900 பங்கு. கேட்கச் சொற்பம்தான். இரண்டு உயிர்களுக்கு அது போதுமானதாக இருந்தது.

இப்படி ஒரு செய்தி வந்ததும் டீக்கடையில் தீர்ப்பு தயாராக இருக்கும்: ‘ஏசி கேஸ் லீக் ஆயிடுச்சாம்!’ செய்தித்தாள்களும் பல நேரம் அதையே எழுதிவிடுகின்றன. கார் ஏசியில் சுற்றுவது ஆர்-134ஏ போன்ற குளிரூட்டும் வாயு. ஒரு காரில் மொத்தமே அரைக் கிலோ அளவுக்குத்தான் இருக்கும். அது ஒழுகினால் ஏசி குளிராது, பர்ஸுக்குத்தான் கேடு. ஆளைக் கொல்வது வேறு வாயு, அது வரும் இடமும் வேறு. ஏசி ஓட வேண்டுமென்றால் எஞ்சின் ஓட வேண்டும். எஞ்சின் ஓடினால் புகை வரும். வண்டி ஒரே இடத்தில் நின்றால் புகை அங்கேயே தேங்கும். கண்ணாடியை ஏற்றிவிட்டால் உள்ளே நுழைந்தது வெளியேற வழி இருக்காது. பழியை ஏசி மீது போடுவதில் ஆபத்து என்னவென்றால், ஏசி மெக்கானிக்கிடம் போய் கேஸ் நிரப்பிக்கொண்டு, ஓட்டை விழுந்த சைலன்சரோடு நிம்மதியாக அடுத்த பயணத்துக்குக் கிளம்பிவிடுவோம்.

துண்டு போட்டு இடம் பிடிக்கும் வாயு

பெட்ரோலும் டீசலும் முழுசாக எரிந்தால் மிஞ்சுவது கார்பன் டை ஆக்சைடும் நீராவியும். எஞ்சினுக்குள் அப்படி முழுசாக எதுவும் எரிவதில்லை. ஆக்சிஜன் போதாமல் பாதியில் நின்ற எரிதலின் விளைவுதான் கார்பன் மோனாக்சைடு. நிறம் கிடையாது, மணம் கிடையாது, கண்ணைக் கரிக்காது, இருமல் வராது. புகை நாற்றம் அடித்தால் கண்ணாடியை இறக்கிவிடுவோம். அந்த நாற்றம் புகையில் உள்ள மற்றச் சரக்குகளுடையது. நாற்றமே இல்லாமலும் இந்த வாயு வரும் என்பதுதான் தொல்லை.

இது உடம்பில் என்ன செய்கிறது என்பதை 1850-களிலேயே பிரெஞ்சு மருத்துவ அறிஞர் கிளாட் பெர்னார்ட் கண்டு சொன்னார். ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினுக்கு, ஆக்சிஜனைவிடக் கார்பன் மோனாக்சைடு மீது 200 மடங்குக்கும் அதிகமான ஒட்டுதல். பஸ் நின்றதும் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு சீட் பிடிப்பவர் மாதிரி இந்த வாயு இடத்தைப் பிடித்துவிடும். முறைப்படி படியேறி வரும் ஆக்சிஜன் நின்றுகொண்டே இருக்க வேண்டியதுதான். நுரையீரல் நன்றாக இயங்கும், மூச்சு சீராக இருக்கும். மூளைக்கும் இதயத்துக்கும் மட்டும் ஆக்சிஜன் போய்ச் சேராது.

எவ்வளவு இருந்தால் ஆபத்து? 200 பிபிஎம் என்றால் இரண்டு மூன்று மணி நேரத்தில் தலைவலி, அசதி. 800 பிபிஎம் என்றால் முக்கால் மணி நேரத்தில் தலைசுற்றலும் குமட்டலும், இரண்டு மணி நேரத்தில் நினைவிழப்பு, அதற்குப் பிறகு மரணம். 1,600 பிபிஎம்மில் இருபது நிமிடத்திலேயே தலை வெடிப்பதுபோல் வலிக்கும். ஓரிரு மணி நேரத்தில் உயிர் போகலாம். உலக சுகாதார நிறுவனம் எட்டு மணி நேரச் சராசரிக்கு வைத்திருக்கும் வரம்பு, கன மீட்டருக்கு 10 மில்லிகிராம். பிபிஎம் கணக்கில் சுமார் 9 மட்டுமே.

இந்த எண்கள் திடகாத்திரமானவர்களுக்கு. இதய ரத்தக்குழாயில் அடைப்பு உள்ளவர்களுக்கு, ரத்தத்தின் ஹீமோகுளோபினில் 2 முதல் 4 சதவீதம் இந்த வாயுவிடம் போனாலே, சிறிது நடந்ததும் நெஞ்சுவலி சீக்கிரமாக வந்துவிடுகிறது. குழந்தைகள் தங்கள் எடைக்குப் பெரியவர்களைவிட அதிகமாக மூச்சு வாங்குகிறார்கள். கர்ப்பிணியின் வயிற்றில் இருக்கும் சிசுவின் ரத்தம் இந்த வாயுவை இன்னும் இறுக்கமாகப் பிடித்துக்கொள்கிறது. தாய் தேறிய பிறகும் சிசுவுக்கு அது நீங்க நேரமாகும். பின்சீட்டில் சாய்ந்து தூங்கிக்கொண்டு வரும் குழந்தைக்குத் தலைவலிக்கிறதா என்பதே யாருக்கும் தெரியாது.

புகை உள்ளே வரும் வழிகள்

எஞ்சினில் பிறக்கும் புகை மேனிஃபோல்டில் சேர்ந்து, கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கடந்து, சைலன்சர் வழியாக வண்டியின் பின்னால் வெளியேற வேண்டும். இந்த நீளமான பாதையில் எங்கே ஓட்டை விழுந்தாலும், புகை நம் காலுக்கு அடியிலேயே கக்கப்படும். மேனிஃபோல்டு கேஸ்கெட் கருகுவது, வெல்டிங் விட்டுப்போவது, வேகத்தடையில் அடிவாங்கி பைப் பிளப்பது, கடற்கரை ஊர்களின் உப்புக்காற்றில் சைலன்சர் துருப்பிடித்து உதிர்வது, வெள்ளத்தில் நின்ற வண்டியில் உள்ளுக்குள்ளேயே அரிப்பது என்று காரணங்கள் நிறைய. சத்தம் கூடிவிட்டதே என்று ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொள்பவர்கள் உண்டு. அந்தச் சத்தம்தான் முதல் எச்சரிக்கை.

அனுபவமுள்ள மெக்கானிக் இதைக் கண்டுபிடிப்பதைப் பார்ப்பதே ஒரு பாடம். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்யச் சொல்வார். ஈரச்சாக்கையோ கனமான ஈரத்துணியையோ சுருட்டி, சைலன்சர் முனையை ஒரு சில நொடிகள் அழுத்திப் பிடிப்பார். வழி அடைபட்ட புகை வேறு இடம் தேடும். எங்கோ நடுவில் ‘புஸ்... புஸ்’ என்று கேட்கும். அந்த இடத்தில் சோப்புத் தண்ணீரைத் தெளித்தால் நுரை கொப்புளிக்கும். நுரை வராத இடத்திலும் ஜாயின்ட்டைச் சுற்றிக் கரி படிந்திருந்தால் அவருக்கு அதுவே போதும். இந்தச் சோதனைக்குக் கம்ப்யூட்டர் வேண்டாம், ஸ்கேனர் வேண்டாம். சர்வீஸுக்கு விடும்போது ‘சைலன்சர் லீக் பாருங்க’ என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். பெரும்பாலோர் சொல்வதில்லை.

கசிந்த புகை உள்ளே நுழையவும் வழி வேண்டுமே? வயர், கியர் லீவர், ஸ்டீயரிங் கம்பி எல்லாம் உடலைத் துளைத்துக்கொண்டுதான் உள்ளே வருகின்றன. அந்தத் துளைகளை மூடும் ரப்பர்கள் வெயிலில் காய்ந்து வெடிக்கும். டிக்கி ரப்பர் பீடிங் தொங்கிப்போகும். தரைவிரிப்புக்கு அடியில் தகடு துருப்பிடித்து ஓட்டை விழுந்திருக்கும். கேஸ் கிட் பொருத்தும்போதும், மியூசிக் சிஸ்டம் வயர் இழுக்கும்போதும் புதிதாகத் துளை போடுவார்கள்; அடைப்பதை மறந்துவிடுவார்கள்.

எஞ்சின் எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். மாருதி ஆம்னியில் அது முன்சீட்டுக்கு அடியில். பழைய டவுன் பஸ்களில் டிரைவருக்குப் பக்கத்திலேயே, பானெட்டுக்கு உள்ளே. கூட்டம் நெரியும்போது அந்தச் சூடான பானெட் மேல் துண்டை விரித்துக் குழந்தைகளை உட்கார வைத்த தலைமுறை நம்முடையது. டிரைவர் தன் வேலைநாள் முழுவதும் அதன் பக்கத்தில்தான்.

இன்னொரு பழக்கம், டிக்கியைத் திறந்தபடி கட்டிக்கொண்டு ஓட்டுவது. கல்யாண வீட்டுக்கு வாழைமரம் ஏற்றினாலும், வீடு மாறும்போது பீரோ ஏற்றினாலும் கயிறு போட்டுக் கட்டிவிடுவோம். ஓடும் வண்டியின் பின்னால் காற்றழுத்தம் குறைந்து, சைலன்சரில் இருந்து வந்த புகை சுழன்று வண்டியைத் தொடர்ந்தே வரும். டிக்கி திறந்திருந்தால் அது நேராக உள்ளே வரும். இதற்கு வண்டியில் ஓட்டை எதுவும் இருக்க வேண்டியதில்லை.

ஆஸ்டின் போலீஸின் 400 வண்டிகள்

புதிய, விலையுயர்ந்த வண்டிக்கு இந்தப் பிரச்சினை வராது என்று நினைப்பவர்கள் அமெரிக்காவின் அனுபவத்தைப் பார்க்கலாம். ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் காருக்குள் புகை வாடை அடிக்கிறது என்ற புகார்களை விசாரிக்க, அந்நாட்டு நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு 2016-ல் இறங்கியது. ஓராண்டில் விசாரணை 13 லட்சம் வண்டிகளுக்கு விரிந்தது. டெக்ஸாஸின் ஆஸ்டின் நகரக் காவல்துறை, பணியில் இருந்த அதிகாரிகள் கார்பன் மோனாக்சைடால் பாதிக்கப்பட்டதை அடுத்து, 2017 ஜூலையில் சுமார் 400 எக்ஸ்ப்ளோரர்களைச் சாலையிலிருந்து எடுத்துவிட்டது.

விசாரணை 2023 ஜனவரியில்தான் முடிந்தது. சாதாரண வாடிக்கையாளர்களின் சேதமில்லாத வண்டிகளில் வாயு ஏற்கத்தக்க வரம்பைத் தாண்டவில்லை என்பது முடிவு. அளவு கூடியிருந்த வண்டிகளில் இருந்தவை என்ன தெரியுமா? போலீஸ் விளக்குகளும் வயர்களும் பொருத்தத் துளைத்துவிட்டு அடைக்காமல் விட்ட ஓட்டைகள், பின்பக்கம் மோதிய சேதம், விரிசல் விட்ட மேனிஃபோல்டு. எந்த நேரத்தில் புகை உள்ளே வந்தது என்பதும் கவனிக்கத் தக்கது. ஆக்ஸிலரேட்டரை அழுத்தி மிதிக்கும்போது, அதுவும் ஏசி உட்காற்றையே சுழற்றும் ரீசர்குலேஷன் நிலையில் இருக்கும்போது, காரின் பின்பகுதி வழியாகப் புகை இழுக்கப்பட்டது. நம்மூரில் பம்பரில் அடிபட்ட காரைத் தட்டி நிமிர்த்தி, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்துப் பளபளவென்று கொடுத்துவிடுகிறார்கள். உள்ளே பின்பக்க சீலிங் சரியாக இருக்கிறதா என்று யாரும் தொட்டுப் பார்ப்பதில்லை.

வழி அடைபட்டால்...

ஓட்டையே இல்லாத வண்டியும் கொல்லும், புகை வெளியேறும் வழி அடைபட்டால். 2022 ஜனவரியில் பாகிஸ்தானின் மலைவாசத்தலமான மர்ரியில் பனிப்பொழிவைப் பார்க்கப் போன கூட்டம் சாலையிலேயே சிக்கிக்கொண்டது. இரவெல்லாம் குளிர். ஹீட்டருக்காக எஞ்சினை ஓடவிட்டுக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்கள். பனி ஏறி ஏறிக் கார்களை மூடியது. விடிந்தபோது குறைந்தது 22 பேர், குழந்தைகள் உட்பட, கார்களுக்குள் இறந்திருந்தார்கள். குளிர் ஒரு காரணம். கார்பன் மோனாக்சைடு இன்னொன்று. 2013 பிப்ரவரியில் அமெரிக்காவின் பாஸ்டனிலும் இதே கதை. அப்பா பனியை அள்ளிக்கொண்டிருக்க, குளிருக்காகக் காரில் போய் உட்கார்ந்த சிறுவன் இறந்துபோனான். சைலன்சர் பனிக்குள் புதைந்திருந்தது.

நமக்குப் பனி இல்லை. அந்த வேலையைச் செய்ய வேறு பல இருக்கின்றன. பின்பக்கத்தைச் சுவரோடு ஒட்டி நிறுத்திவிட்டு எஞ்சினை ஓடவிடுவது, ஷட்டர் இறக்கிய கொட்டகை, அடித்தள பார்க்கிங், மழைவெள்ளத்தில் முங்கிய சைலன்சர். காலையில் எஞ்சினைச் சூடாக்குகிறேன் என்று போர்ட்டிகோவில் ஸ்டார்ட் செய்துவிட்டுக் காபி குடிக்கப் போகிறவர்கள் கவனிக்க: கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் சுமார் 250, 300 டிகிரி செல்சியஸ் சூட்டை எட்டினால்தான் வேலையே தொடங்கும். ஆறிய எஞ்சினின் முதல் சில நிமிடப் புகைதான் மிக நஞ்சானது. இன்றைய எஞ்சின்களுக்கு அவ்வளவு நேரச் சூடேற்றல் தேவையும் இல்லை.

பட்டன் ஸ்டார்ட் வண்டிகள் ஒரு புதுத் தொல்லையைக் கொண்டுவந்திருக்கின்றன. சாவியைப் பையில் வைத்துக்கொண்டு இறங்கிவிடுகிறோம். எஞ்சின் நின்றதா என்பது சந்தேகம். ஹைபிரிட் வண்டி மௌனமாக இருக்கும், பிறகு தானாக எஞ்சினை ஓட்டத் தொடங்கும். அமெரிக்காவில் 2006 முதல் 2018 வரை இப்படி வீட்டோடு ஒட்டிய கராஜில் ஓடிக்கொண்டே இருந்த வண்டிகளால் குறைந்தது 28 பேர் இறந்ததாக நியூயார்க் டைம்ஸ் கணக்கெடுத்து வெளியிட்டது. வீட்டுக்கு அடியிலேயே கார் நிறுத்தும் அடுக்குமாடிகள் பெருகும் நம் ஊர்களுக்கும் இது பொருந்தும்.

முன்னால் போகிறவரின் புகை

இதுவரை சொன்னது சொந்த வண்டியின் புகை. நாள்தோறும் நாம் மூச்சில் இழுப்பதில் பெரும்பங்கு அடுத்தவர் வண்டியுடையது. நம் காரின் காற்றுவழி, முன் கண்ணாடிக்குக் கீழே, பானெட் முடியும் இடத்தில் இருக்கிறது. சிக்னலில் லாரிக்குப் பின்னால் நிற்கும்போது அதன் புகையை நேராக வாங்கிக்கொள்ளும் உயரம் அது.

இங்கிலாந்தின் சர்ரே பல்கலைக்கழகத்தில் பிரசாந்த் குமார் தலைமையிலான குழு, பயண நேரத்தில் வெறும் 2 சதவீதம் எடுத்துக்கொள்ளும் சிக்னல் சந்திப்புகளில்தான் பயணத்தின் மொத்த நுண்துகள் பாதிப்பில் 25 சதவீதம் நேர்கிறது என்று கண்டது. லாஸ் ஏஞ்சல்ஸ் மக்கள் நாளில் ஒன்றரை மணி நேரம் அளவில்தான் வண்டியில் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் சுவாசிக்கும் மிகநுண் துகள்களில் 33 முதல் 45 சதவீதம் அந்த நேரத்தில்தான் உள்ளே போகிறது என்று 2008-ல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. ஒரு மைக்ரானில் பத்தில் ஒரு பங்குக்கும் சிறிய இந்தத் துகள்கள் நுரையீரலோடு நிற்பதில்லை, ரத்தத்திலும் கலக்கின்றன.

டீசல் புகையின் கதை இன்னும் தெளிவு. கார்பன் மோனாக்சைடு பெட்ரோல் எஞ்சினைவிடக் குறைவு. கரித்துகளும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் அதிகம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012 ஜூனில் டீசல் புகையை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியானவற்றின் பட்டியலில் சேர்த்தது. சிகரெட்டும் ஆஸ்பெஸ்டாஸும் இருக்கும் அதே முதல் பட்டியல். 2020 ஏப்ரலில் நாடு முழுவதும் வந்த பாரத் ஸ்டேஜ்-6 விதிகள் புது வண்டிகளின் புகையைப் பெரிதும் குறைத்திருக்கின்றன. நமக்கு முன்னால் ஓடுவது அதற்கு முந்தைய வண்டியாக இருக்கும்வரை அந்தப் பலன் நமக்குப் பாதிதான். மின்சாரக் கார் வைத்திருப்பவர்களும் சிக்னலில் இதே காற்றைத்தான் சுவாசிக்கிறார்கள்.

ஒரே பட்டன், இரண்டு பதில்

இங்கேதான் டாஷ்போர்டில் வளைந்த அம்புக்குறி போட்ட அந்தச் சின்ன பட்டன் வருகிறது. அதை அழுத்தினால் வெளிக்காற்று வரும் வழி மூடி, உள்ளே இருக்கும் காற்றே சுழலும். பிரசாந்த் குமார் குழு, சென்னை உட்பட உலகின் பத்து நகரங்களில் காருக்குள் நுண்துகளை அளந்து 2021-ல் வெளியிட்ட ஆய்வில், கண்ணாடியை இறக்கிவிட்டுப் போவதுதான் மிக மோசம், ரீசர்குலேஷன்தான் குறைந்த பாதிப்பு என்று தெரிந்தது. கத்திப்பாராவிலோ பாடி மேம்பாலத்திலோ மாட்டிக்கொண்டால் அந்த பட்டனை அழுத்துவது சரி.

அதே பட்டன், சொந்த வண்டியில் கசிவு இருந்தால் எமன். புது காற்று வராததால் உள்ளே வந்த வாயு கரையாமல் சேர்ந்துகொண்டே போகும். எக்ஸ்ப்ளோரர் விசாரணையில் பார்த்ததும் அதைத்தான். கசிவே இல்லாவிட்டாலும் நான்கு பேர் விடும் மூச்சினால் கால் மணி நேரத்தில் கார்பன் டை ஆக்சைடு 2,000 பிபிஎம்மைத் தாண்டிவிடும்; வெளியில் அது 420 அளவுதான். ஓட்டுபவருக்குக் கொட்டாவியும் மந்தமும் வருவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆகவே நெரிசலில் மூடு, நெரிசல் தாண்டியதும் திற. மலையேறும்போதும், நீண்ட நெடுஞ்சாலையிலும் வெளிக்காற்றே இருக்கட்டும்.

‘நல்ல கேபின் ஃபில்டர் போட்டிருக்கிறேன்’ என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஃபில்டர் துகளைப் பிடிக்கும். கரி சேர்த்த ஃபில்டர் சில வாயுக்களையும் நாற்றத்தையும் பிடிக்கும். கார்பன் மோனாக்சைடை எந்த கேபின் ஃபில்டரும் பிடிக்காது.

படுக்க இடமில்லாதவர்கள்

காரில் ஏசி போட்டுத் தூங்காதீர்கள் என்று சொல்வது எளிது. யார் தூங்குகிறார்கள் என்று பார்த்தால் அது அவ்வளவு எளிதாக இருக்காது. சுற்றுலாப் பயணிகளை ஊட்டி லாட்ஜில் இறக்கிவிட்ட டாக்ஸி டிரைவர், முகூர்த்தம் முடியும்வரை மண்டப வாசலில் காத்திருக்கும் ஆக்டிங் டிரைவர், சபரிமலை சீசனில் நிலக்கல் பார்க்கிங்கில் இரண்டு நாள் கிடக்கும் வேன் டிரைவர். வெளியே கொசு, வெக்கை, மழை. உள்ளே அலுத்த உடம்பு. விடிந்தால் மறுபடி 300 கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். சீட்டைச் சாய்த்து, ஏசியைப் போட்டு, கண்ணாடியை ஏற்றுவது அவருக்குச் சொகுசுக்காக அல்ல.

தமிழக அரசு 2023-ல் கட்டட விதிகளைத் திருத்தி, விருந்தினர்களின் டிரைவர்களுக்கு ஓட்டல்களும் லாட்ஜுகளும் கழிப்பறையோடு கூடிய ஓய்வுக்கூடம் தர வேண்டும் என்று ஆக்கியது. காருக்குள் புகையால் நேரும் சாவைத் தடுக்க இதைவிடப் பொருத்தமான விதி இல்லை. அறை எடுக்கும் நாமும் ரிசப்ஷனில் ஒரு கேள்வி கேட்கலாம்: ‘டிரைவர் படுக்க இடம் எங்கே?’

தலைவலி சொல்லும் சேதி

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் குழந்தை வாந்தி எடுத்தால் ‘வளைவு ஒத்துக்கலை’ என்போம். பெரும்பாலும் அது உண்மைதான். ஆனால் ஏற்றத்தில் எஞ்சின் திணறி ஓடும்போது புகையும் அதிகம். ஒருவருக்கு மட்டும் என்றால் பயண மயக்கம். வண்டியில் இருக்கும் இரண்டு மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் தலை கனத்து, இறங்கி நின்றதும் தெளிந்து, ஏறியதும் திரும்ப வந்தால் வண்டியைச் சந்தேகியுங்கள். டாக்டர்களே இதை ஒற்றைத் தலைவலி, பித்தம், புட் பாய்சன் என்று தவறவிடுவதுண்டு. ‘காரில் இருந்தபோது எல்லாருக்கும் வந்தது’ என்ற ஒரு வரியை நீங்கள் சொன்னால்தான் அவருக்குத் துப்பு கிடைக்கும்.

கொரோனாவுக்குப் பிறகு வீட்டுக்கு வீடு இருக்கும் விரல் ஆக்ஸிமீட்டரை இங்கே நம்பக் கூடாது. ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபினையும் கார்பன் மோனாக்சைடு ஏறியதையும் அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. ஆள் மயங்கிக் கிடக்கும்போதும் 98 என்று காட்டும். ரத்தப் பரிசோதனையில்தான் உண்மை தெரியும்.

சந்தேகம் வந்தால் எஞ்சினை நிறுத்தி, எல்லாரையும் வெளியே இறக்கி, 108-ஐ அழைக்க வேண்டும். சாதாரணக் காற்றைச் சுவாசித்தால் இந்த வாயு ரத்தத்தில் பாதியாகக் குறைய நான்கு முதல் ஆறு மணி நேரம் ஆகும். மருத்துவமனையில் மாஸ்க் வழியாக முழு ஆக்சிஜன் கொடுத்தால் அது ஒன்றரை மணி நேரத்துக்குள் வந்துவிடும். ‘இறங்கினதும் சரியாயிடுச்சு’ என்று வீட்டுக்குப் போவதில் இன்னொரு அபாயமும் உண்டு. கடுமையான பாதிப்புக்கு ஆளான சிலருக்கு, தேறிய பின் சில நாள்களோ வாரங்களோ கழித்து மறதி, குழப்பம், நடை தடுமாற்றம் வருகிறது.

சான்றிதழ் பார்க்காதது

‘வண்டிக்குப் புகைச் சான்று இருக்கிறதே’ என்பார்கள். அந்தச் சான்று எதை அளக்கிறது? சைலன்சர் முனையில் ஒரு குழாயைச் செருகி, அங்கே வரும் புகையை. பாரத் ஸ்டேஜ்-4 முதலான பெட்ரோல் கார்களுக்கு ஐட்லிங்கில் 0.3 சதவீதம் கார்பன் மோனாக்சைடு வரை அனுமதி. பாரத் ஸ்டேஜ்-2-க்கு முந்தைய கார்களுக்கு 3 சதவீதம். பிபிஎம் கணக்கில் 0.3 சதவீதம் என்பது 3,000. 3 சதவீதம் என்பது 30,000. பாஸான வண்டியின் புகையும் மூடிய இடத்தில் கொல்லும் என்று அர்த்தம். அந்தப் புகை வழியில் எங்கேயாவது ஒழுகுகிறதா என்று இந்தச் சோதனை பார்ப்பதில்லை. உள்ளே உட்காருபவர் எதைச் சுவாசிக்கிறார் என்று பார்ப்பதே இல்லை.

டாக்ஸி, வேன், பள்ளி வாகனம், கேரவன் எல்லாம் எஃப்சி என்னும் தகுதிச் சான்றுக்காக ஆர்டிஓ அலுவலகம் போயாக வேண்டியவை. பிரேக்கைப் பார்க்கிறார்கள், விளக்கைப் பார்க்கிறார்கள், முதலுதவிப் பெட்டியைக்கூடத் திறந்து பார்க்கிறார்கள். கண்ணாடியை ஏற்றி, ஏசியை ரீசர்குலேஷனில் போட்டு, எஞ்சினைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, சீட் மேல் ஒரு கார்பன் மோனாக்சைடு மீட்டரை வைத்துப் பார்க்க எவ்வளவு செலவாகும்? ஒரு காலத்தில் பிரிட்டன் சுரங்கங்களில் இந்த வாயுவை அறியக் கேனரிக் குருவிகளைக் கூண்டில் கொண்டுபோனார்கள். 1986 வரை அந்த வழக்கம் இருந்தது. அந்தக் குருவியின் வேலையை இன்று உள்ளங்கை அளவு பேட்டரிக் கருவி செய்கிறது. கேரவன்களுக்கும் படகுகளுக்கும் என்றே ஐரோப்பாவில் ஈஎன் 50291-2 என்று தனித் தரம் வைத்திருக்கிறார்கள். ஆள் படுத்துறங்கும் வண்டிகளுக்கு இங்கேயும் அதைக் கட்டாயமாக்கலாம். எஃப்சி படிவத்தில் ஒரு வரி கூடும், அவ்வளவே.

நாமே செய்யக்கூடியவை

• ஒவ்வொரு சர்வீஸிலும் சைலன்சர், மேனிஃபோல்டு கசிவைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். சத்தம் மாறினால் சர்வீஸ் வரை காத்திருக்க வேண்டாம்.

• வெள்ளத்தில் நின்ற, பின்னால் மோதிய, கேஸ் கிட் அல்லது வேறு சாதனம் பொருத்திய வண்டி என்றால் அடித்தகட்டின் ஓட்டைகளையும் டிக்கி ரப்பரையும் தனியாகச் சோதியுங்கள். பழைய வண்டி வாங்கும்போது தரைவிரிப்பைத் தூக்கிப் பாருங்கள்.

• எஞ்சின் ஓடும் வண்டியில் தூங்கக் கூடாது. குழந்தையை விட்டுவிட்டு இறங்கவும் கூடாது. கண்ணாடியை ஓர் அங்குலம் இறக்குவது பாதுகாப்பு ஆகாது.

• ஷெட்டின் கதவு திறந்திருந்தாலும் உள்ளே எஞ்சினை ஓடவிடாதீர்கள். பட்டன் ஸ்டார்ட் வண்டியில் டாஷ்போர்டு அணைந்ததை உறுதி செய்துவிட்டு இறங்குங்கள்.

• டிக்கியைத் திறந்துதான் ஓட்ட வேண்டும் என்றால் ஏசி காற்றை வெளியிலிருந்து எடுக்க வைத்து, முன் கண்ணாடிகளை இறக்கிக்கொள்ளுங்கள்.

• நீண்ட சிக்னலில் எஞ்சினை அணையுங்கள். முன் வண்டியோடு இடைவெளி விட்டு நில்லுங்கள்.

• வேன், கேரவன், பள்ளி வாகனம் வைத்திருப்பவர்கள் ஒரு கார்பன் மோனாக்சைடு அலாரம் வாங்கி மாட்டுங்கள். அது கத்தினால் பேட்டரியைக் கழற்றாதீர்கள், ஆட்களை இறக்குங்கள்.

வடகரையில் என்ஐடி நிபுணர்கள் செய்த சோதனைக்குத் தேவைப்பட்டது அதே வண்டியும், ஓர் அளவுகருவியும், இரண்டு மணி நேரமும்தான். அந்தச் சோதனை சாவுக்குப் பிறகு நடந்தது. எஃப்சிக்கு வரிசையில் நிற்கும் வண்டிகளில் அதையே முன்கூட்டிச் செய்ய அரசுக்கு ஒரு சுற்றறிக்கை போதும். அது வரும்வரை, சைலன்சர் முனையில் ஈரச்சாக்கை அழுத்திப் பார்க்கும் மெக்கானிக்கை நம்பலாம். அடுத்த சர்வீஸில் அவரிடம் கேட்டுவிடுங்கள்.